இரவல் ஊர்

ரயில் நிலையத்துக்கு இரண்டு வாசல்கள். ஒன்று அவள் குடியிருந்து வேலைக்கும் போகிற இக்கரைப் பக்கம். அங்கே பூ விற்கிறவனிலிருந்து தரை கூட்டுகிறவர் வரை அவள் முகம் எல்லோருக்கும் பழக்கம். மற்றொன்று பாலத்தைப் பார்த்தபடி ஆற்றின் அக்கரைக்குத் திறப்பது. அந்த இரண்டாவது வாசலில் நின்றுகொண்டுதான் அவள் மாமாவுக்காகக் காத்திருந்தாள். நாலு வருஷமாகத் தனக்கென்று ஆகிப்போன ஊரை இன்று அவருக்குச் சுற்றிக் காட்டவேண்டும். தன் வீடு, தன் தெரு, தான் வேலை செய்கிற கடை, மகளின் பள்ளிக்கூடம் ஆகியவற்றைத் தவிர மற்றதையெல்லாம் காட்டவேண்டும்.

போன வாரம் அம்மா ஃபோனில் மென்று விழுங்கிக்கொண்டு சொன்னாள். மாமா ஏதோ டூர்க் கும்பலோடு அந்த நாட்டுப் பக்கம் வருகிறாராம். அவர் தங்கப்போகிற நகரத்திலிருந்து அவள் ஊர் சில மணி நேர ரயில்தானாம். ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்கிறாராம்.

"நான் ஒண்ணும் சொல்லலடி. ஊர் பேரு மட்டும் வாய் தவறி வந்துடுச்சு."

லைனில் இருக்கிறாயா என்று அம்மா கேட்டாள். இருந்தாள். அம்மாவின் வாய்க்குப் பூட்டுக் கிடையாது என்று தெரிந்துதான் ஊர்ப்பெயரைத் தாண்டி எதையும் அவளிடம் சொல்லி வைத்ததில்லை. இப்போது அந்த ஒன்றும் போய்விட்டது.

மாமா அம்மாவின் தம்பி. ஊரில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டால் அவள் நேரே அந்தக் கடைக்குத்தான் போவாள். பேர் வெட்டும் மெஷின் எவர்சில்வரின்மேல் கிறீச்சிட்டுக்கொண்டு ஓடும். எல்லோரும் காதைப் பொத்திக்கொள்வார்கள். அவளுக்கு மட்டும் அந்தச் சத்தத்தில் தூக்கம் வரும். மாமா கண்ணாடி தேடமாட்டார். வெட்டின எழுத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தே, இது இன்னார் வீட்டுப் பாத்திரம் என்று சொல்லிவிடுவார். அவளுடைய கல்யாணப் பாத்திரங்களுக்கு வேலையாளைத் தொடவிடாமல் அவரே உட்கார்ந்து பேர் வெட்டினார். மாப்பிள்ளையும் அவர் பார்த்து வைத்ததுதான். அத்தையின் அக்கா மகன், கடையில் கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தவன். "தங்கமான பையன் பாப்பா" என்றார் மாமா. அவர் பொய் சொல்லவில்லை. கடையில் அவன் தங்கமாகத்தான் இருந்தான்.

வீட்டில் அவளுடைய இடதுகைச் சுண்டுவிரலைக் கதவிடுக்கில் வைத்து, எந்த அவசரமும் இல்லாமல், கதவை மூடினான். அந்த விரல் இன்றைக்கும் மடங்காது. அதற்காக அவள் வீட்டை விட்டு வரவில்லை. அதற்கப்புறமும் இருந்தாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐந்து வயது மகள் குட்டியின் கையை எடுத்துப் பார்த்துவிட்டு, "இவளுக்கும் உன்னை மாதிரியே நீள விரல்" என்றான். சொல்லிவிட்டு மறுபடியும் சாப்பிட ஆரம்பித்தான். அந்த வாரமே அவள் கிளம்பிவிட்டாள். சீராக வந்த பாத்திரமெல்லாம் அங்கேயே கிடந்தது. குட்டி கையை விட்டு இறக்க மறுத்த ஒரு டம்ளர் மட்டும் கூட வந்தது.

வரவேண்டாம் என்று சொல்லலாமா என்று யோசித்தாள். சொன்னால் அவர் வராமல் இருக்கப்போவதில்லை. தெருத்தெருவாக நின்று விசாரிப்பார். இந்த ஊரில் அவளுக்கு வாய்த்த ஒரே சினேகிதி ஒரு நர்ஸ். அவளும் தமிழ்க்காரிதான், அக்கரையில் நாலாவது மாடியில் தனியாக இருந்தாள். "வர்றவரை நிறுத்த முடியாதுன்னா எங்க வரணும்னு நாம சொல்லுவோம்" என்று சாவியை எடுத்து மேஜையில் வைத்தவள் அவள்தான். இரண்டு பேரும் ஒரு நாளைக்கு வீடு மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு. நர்ஸ் இக்கரையில் குட்டியோடு இருப்பாள். இவள் அக்கரை வீட்டைத் தன் வீடு என்று காட்டி, மாமாவுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவாள்.

நர்ஸின் அப்பா அம்மா படம் அலமாரிக்குள் போனது. யூனிஃபார்மும் மருந்துப் பெட்டியும் கட்டிலுக்கடியில் போயின. இவளுடைய புடவை ஒன்று கொடியில் தொங்கியது. குட்டி வரைந்த யானை ஃப்ரிட்ஜின் மேல் ஒட்டிக்கொண்டது. "நாடகத்துக்கு செட்டு போடற மாதிரி இருக்கு. ராஜா வேஷம் யாருக்கு?" என்று நர்ஸ் சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கரைத் தெருக்களைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல நடந்து நடந்து மனப்பாடம் செய்தாள். மருந்துக் கடை, நூலகம், பூங்கா, ரொட்டிக் கடை, மறுபடியும் நூலகம்.

ரயில் வந்தது. மாமா கடைசியாக இறங்கினார். தோளில் ஒரு பை, கையில் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று. ஊரில் கடை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறவர், இங்கே யாரிடமோ இரவல் வாங்கிய கோட்டுக்குள் சுருங்கிப்போனவர்போல இருந்தார்.

"இளைச்சிட்ட பாப்பா" என்றார். அப்புறம், ஊரையே ஃப்ரிட்ஜுக்குள் வைத்திருக்கிறார்களே என்றும், நாலு சட்டை போட்டிருப்பதில் எது உள்ளே எது வெளியே என்று தனக்கே மறந்துவிட்டது என்றும் சொன்னார். அவளையறியாமல் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு பயமாக இருந்தது. இந்த மனிதரிடம் சிரிக்காமல் இருப்பது எப்படி என்று அவள் பழகியிருக்கவில்லை.

"குட்டி எங்க?"

பள்ளிக்கூடத்தில் சுற்றுலா கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள், நாளைக்குத்தான் வருவாள் என்று சொன்னாள்.

"நான் வர்ற நாளா பாத்து டூரா" என்றார். சிரித்தார். அந்தச் சிரிப்பு சீக்கிரமே தீர்ந்துபோனது.

பாலத்தைக் கடந்தார்கள். அவள் வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தாள். இதுதான் நூலகம் மாமா, குட்டி இங்கேதான் புத்தகம் எடுப்பாள். இந்த ரொட்டிக் கடையில்தான் காலையில் வாங்குவேன். இந்தப் பூங்காவில் சாயங்காலம் உட்காருவோம். சொல்லச் சொல்ல, அப்படி ஒரு பெண் இந்தக் கரையில் உண்மையிலேயே இருந்துகொண்டிருப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது. அந்தப் பெண்ணுக்குப் பயம் எதுவும் இல்லை. அவள் மாமா வந்தால் தன் வீட்டுக்கே கூட்டிப் போவாள்.

மாமா அதிகம் கேட்கவில்லை. ஃபோனை உயர்த்தி உயர்த்திப் படம் எடுத்தார். எடுத்ததும் ஒவ்வொரு தடவையும் ஃபோன் ஒரு சின்னச் சத்தம் போட்டது, தண்ணீரில் கல் விழுவதுபோல. அது அனுப்புகிற சத்தம். மணிக்கூண்டைப் பாருங்க மாமா என்று காட்டினாள். அவர் மணிக்கூண்டுக்குக் கீழே இருந்த தெருப் பெயர்ப் பலகையைத்தான் எடுத்தார். கோபுரம் இடுப்புவரைதான் படத்தில் விழுந்திருந்தது. நூலகத்திலும் அப்படியே, பூங்காவிலும் அப்படியே.

"யாருக்கு மாமா அனுப்பறீங்க?"

"அத்தைக்குத்தான். உங்க அம்மாவுக்கும். பாக்கணும்னு சொன்னாங்க."

ஃபோன் அடித்தால்கூட அத்தை அடுப்படியிலிருந்து, யாராவது வந்து அதை எடுங்கள் என்பாள். அவளுக்கு அந்தக் கண்ணாடித் திரையைத் தொட்டாலே தலைவலி. நாலு வருஷத்தில் மாறியிருக்கலாம் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டாவது தடவை சொன்னபோது நம்பிக்கை இல்லை.

நடுவில் ஒரு சந்தில் தவறாகத் திரும்பிவிட்டாள். அது ஒரு கட்டடத்தின் பின்பக்கத்தில் போய் முட்டி நின்றது. குப்பைத் தொட்டிகள், பூட்டிய இரும்புக் கதவு, வேறொன்றுமில்லை.

"உன் ஊர்லயே உனக்கு வழி தெரியலையா?" என்றார் மாமா.

எங்கே பார்த்தாலும் தோண்டிப் போடுகிறார்கள், வழி தினமும் மாறுகிறது என்றாள். அவர் இரும்புக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவள் பின்னால் வந்தார். அவர் செருப்புப் போட்டுப் பழகிய கால், ஷூவுக்குள் தரையைத் தேய்த்துக்கொண்டே வந்தது. அவள் கல்யாணமாகிப் போகும்போது காரின் பின்னால் கொஞ்ச தூரம் நடந்துவந்த அதே கால்.

ரொட்டிக் கடை மூலையைத் தாண்டும்போதுதான் அது நடந்தது. எதிரே வந்த ஒரு பருத்த அம்மாள் முகமெல்லாம் மலர்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். இவள் வேலை செய்வது இக்கரையில் ஒரு சலவைக் கடை. துணி அளவு திருத்தித் தைப்பது இவள் வேலை. இந்த அம்மாள் அங்கே வாடிக்கை. முந்தின நாள் கை நீளம் குறைத்துக் கொடுத்த கோட்டை இன்று வாங்கிக்கொண்டு, உறைபோட்டபடியே கையில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தாள். நீ தைத்தது கச்சிதமாக இருக்கிறது, அடுத்த வாரம் என் வீட்டுக்காரரின் கோட்டையும் கடைக்குக் கொண்டுவருகிறேன் என்று உள்ளூர் மொழியில் கொட்டித் தீர்த்தாள். இவள் மாமாவின் முகத்தையே பார்த்தாள். நல்லவேளை, மாமாவுக்கு அந்த மொழியில் ஒரு எழுத்தும் தெரியாது.

மாமா ஃபோனை உயர்த்தினார். நில்லுங்கள் என்று கையால் காட்டினார். அந்த அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். கோட்டு உறையைப் பரிசுக் கேடயம்போல நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இவளை அணைத்தபடி நின்றாள். தண்ணீரில் கல் விழுந்தது.

அம்மாள் போன பிறகு, என்ன கேட்டாங்க என்றார் மாமா. வழி கேட்டாங்க என்றாள்.

"வழி கேக்கறவங்க கட்டிப் பிடிச்சா கேப்பாங்க?"

பக்கத்து வீட்டுக்காரி என்று முனகினாள். மாமா தலையாட்டினார். "பரவாயில்ல. ஊர்ல உன்னை நாலு பேருக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். நல்ல வார்த்தைதான். ஆனால் அது அவளுக்குள் இறங்கிய விதம் நல்லதாக இல்லை.

நர்ஸின் வீட்டுக் கதவுக்குச் சாவி மூன்று. முதல் இரண்டும் திறக்கவில்லை. உள்ளே போய் விளக்கு ஸ்விட்சைப் போட்டாள், குளியலறையில் விளக்கு எரிந்தது. மாமா எதையும் கவனிக்காதவர்போல ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார். நேரே ஜன்னலுக்குப் போனார். ஆறு, அதற்கப்பால் இக்கரைக் கட்டட வரிசை. அதில் மேலே, நீலத் திரை போட்ட ஜன்னல் அவளுடையது. பக்கத்துக் கம்பியில் குட்டியின் சிவப்புச் சட்டை காற்றில் ஆடியது. அதை எடுத்து உள்ளே போடச் சொல்ல மறந்துவிட்டாள்.

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல மாமா. குடோன்தான்."

அவர் அப்புறமும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் சமையலறைக்குப் போய், அலமாரியில் கைக்கு அகப்பட்ட டம்ளரில் தண்ணீர் பிடித்து வந்து நீட்டினாள். அவர் வாங்கினார். வாய்வரை கொண்டுபோனார். கொண்டுபோகிற அந்த இரண்டு கணத்துக்குள் அவருடைய கட்டைவிரல், நாற்பது வருஷப் பழக்கத்தில், டம்ளரின் விளிம்புக்குக் கீழே தானாக ஒரு தடவை ஓடியது. ஓடி, நின்றது.

டம்ளர் உதட்டைத் தொடவில்லை.

படத்தை ஒளித்தாள், யூனிஃபார்மை ஒளித்தாள், தபால் பெட்டியில் இருந்த பெயர்ச் சீட்டைக்கூடப் பிய்த்து எடுத்தாள். பாத்திரத்தை மட்டும் திருப்பிப் பார்க்கவில்லை. இந்த ஊரில் பாத்திரங்களுக்குப் பேர் கிடையாது. யாருடைய தட்டும் யாருடையதாகவும் இருக்கலாம். நாலு வருஷமாகப் பேரில்லாத பாத்திரத்தில் சாப்பிட்டுச் சாப்பிட்டு, பாத்திரக் கடைக்காரரின் அக்கா மகளுக்கு அது மறந்தே போயிருந்தது.

ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. மாமா டம்ளரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு அதை மேஜையில் வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனார். தட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஒரு கரண்டி, ஒரு கிண்ணம், மூடி இல்லாத ஒரு சம்புடம். எல்லாவற்றிலும் ஒரே பேர். அவள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

"மெஷின் இல்ல, உளியில வெட்டினது. நல்ல கை" என்றார் அவர், திரும்பாமல். "யாரு இந்தம்மா?"

சொல்வதற்குப் பொய்கள் இருந்தன. பழைய கடையில் வாங்கியது, இரவல் வந்தது, வீட்டுக்காரி விட்டுப்போனது. ஒன்றையும் சொல்ல வாய் வரவில்லை.

"எனக்குத் தெரிஞ்சவளோட அம்மா."

"அப்ப இது உன் வீடு இல்ல."

அவர் தட்டுகளைப் பழையபடி அடுக்கி வைத்தார். வெளியே வெளிச்சம் ஒரு சாயல் குறைந்தது.

மேஜையில் வைத்திருந்த மாமாவின் ஃபோன் அதிர ஆரம்பித்தது. அவர் வந்து திரையைப் பார்த்தார். எடுக்கவில்லை. கவிழ்த்து வைத்தார். அது அதிர்ந்துகொண்டே மேஜையின்மேல் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. டம்ளரில் இருந்த தண்ணீர் நடுங்கியது.

"எங்க இருக்கான்?" என்று அவள் கேட்டாள். யார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை.

"கூடத்தான் வந்தான். டூரே அவன் ஏற்பாடு. அந்த ஊர்ல ஓட்டல்ல இருக்கான்." மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். "பொண்ணை ஒரு தடவை கண்ணால பாத்துட்டு வந்துடறேன் சித்தப்பா, அவ்வளவுதான்னு அழுதான். நீங்க முதல்ல போங்க, வீட்டைப் பாத்துட்டுச் சொல்லுங்க, நான் ராத்திரி ரயிலைப் பிடிச்சுக் காலையில வந்துடறேன்னான். போற வழியெல்லாம் படம் எடுத்து அனுப்பச் சொன்னான்."

"நீங்க நம்பினீங்களா?"

மாமா கையை நீட்டினார். என்னவென்று புரியாமலே அவள் தன் இடதுகையைக் கொடுத்தாள். அவர் அந்த மடங்காத விரலைக் கட்டைவிரலால் தடவினார். பேர் வெட்டின இடத்தைத் தடவுவதுபோலவே, கண்ணை அதன்மேல் வைக்காமல் தடவினார்.

"கிரைண்டர்ல மாட்டிக்கிச்சுன்னு சொன்னான். நானும் கேட்டவங்களுக்கெல்லாம் அப்படியே சொல்லிட்டு இருந்தேன்." விரலை விட்டுவிட்டு, "அடுத்தவங்க டம்ளர்ல எனக்குத் தண்ணி குடுக்கற அளவுக்கு..." என்று ஆரம்பித்தார்.

அவர் எழுந்து வெளியே போனார். கதவில் இருந்த எண்ணைப் படம் எடுத்தார். படியிறங்கிப் போய்த் தெருப் பலகையையும் கட்டடத்தின் முகப்பையும் எடுத்துக்கொண்டு, மூச்சு வாங்க மேலே வந்தார். தட்டுத் தடுமாறி டைப் அடித்ததை அவளிடம் காட்டினார். வீட்டைப் பார்த்துவிட்டேன், இதுதான் கதவு, குழந்தை நாளைக் காலையில் வீட்டில் இருக்கும் என்று இருந்தது.

"அனுப்பட்டுமா?"

அவள் என்ன நடக்கிறது என்று புரிந்துகொண்டாள். அவள் சொன்ன பொய்யை அவர் தன் பொய்யாக வாங்கிக்கொள்கிறார். ஆனால் அந்தக் கதவு அவளுடையதல்ல. நர்ஸைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். நர்ஸ், தட்டுகிற கதவைத் திறக்க நான் அங்கே இருந்தால்தானே என்றாள். கீழ்வீட்டுக்காரர் போலீஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், அவரிடம் இப்போதே பேசிவிடுகிறேன், காலையில் உன் வீட்டுக்காரரை வரவேற்க ஆள் இருப்பார்கள் என்றாள். "அனுப்பச் சொல்லு. நாடகத்துல ராஜா வேஷத்துக்கு ஆள் கிடைச்சாச்சு."

தண்ணீரில் கல் விழுந்தது. பதில் உடனே வந்தது. எழுத்து இல்லை, உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்று மட்டும்.

இருவரும் நிலையத்துக்குத் திரும்பினார்கள். மேடையில் நிற்கும்போது மாமா துணிப்பொதியை அவிழ்த்தார். சின்ன எவர்சில்வர் டம்ளர், குட்டியின் பேர் வெட்டியது. பேருக்கு முன்னால் அப்பனின் முதலெழுத்து இருந்தது. அவர் அதை அவளிடம் நீட்டினார். அவள் கை நீட்டுவதற்குள் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம். முதலெழுத்தை மாத்தி வேற ஒண்ணு வெட்டி அனுப்பறேன்."

மறுபடியும் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

"காலையிலேர்ந்து அனுப்பினதெல்லாம்?" என்று அவள் கேட்டாள்.

"நீ காட்டின தெருதானே பாப்பா எல்லாம். எல்லாம் அந்தப் பக்கம்தான்."

உண்மைதான். அவள் மூச்சு முதல்முறையாக வயிறுவரை இறங்கியது. ரயில் கிளம்பியபோது மாமா ஜன்னலுக்கு வெளியே கையசைக்கவில்லை, உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கை கண்ணைவிட்டு மறையும்வரை அவள் நின்றாள்.

நர்ஸின் வீட்டுக்குத் திரும்பிப் போய், கொடியில் கிடந்த புடவையையும் ஃப்ரிட்ஜில் இருந்த யானையையும் எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டினாள். அந்த டம்ளரில் தண்ணீர் அப்படியே இருந்தது. அதைத் தொடவில்லை. பாலத்துக்கு வரும்போது தெரு விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. இரண்டு கரையிலும் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் எதிரெதிராகக் கடந்துகொண்டிருந்தார்கள்.

பாலத்தின் நடுவில் ஃபோன் அதிர்ந்தது. அம்மா. மாமா காலையில் அனுப்பிய படங்களில் ஒன்றைத் திருப்பி அனுப்பி, நல்லா இருக்கியே, கூட நிக்கறது யாரு என்று கேட்டிருந்தாள். ரொட்டிக் கடை மூலை. அவளும் அந்தப் பருத்த அம்மாளும். எல்லோரையும்போல அவள் முதலில் தன் முகத்தைத்தான் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே இவ்வளவு கறுப்பா என்று நினைத்தாள். அப்புறம்தான் கீழே பார்வை போனது.

அம்மாள் நெஞ்சோடு பிடித்திருந்த மஞ்சள் உறை. அதில் கை அகல எழுத்தில் சலவைக் கடையின் பெயர். அதற்குக் கீழே கடையின் ஃபோன் நம்பர்.

அந்த அம்மாள் வாயிலிருந்து என்ன வந்துவிடுமோ என்றுதான் அப்போது அவள் பதறினாள். கையில் இருந்ததைப் பார்க்கவேயில்லை. மாமாவுக்கு அந்த எழுத்துத் தெரியாது என்று நிம்மதியாக இருந்தாள். மாமா அதைப் படிக்கவேண்டிய அவசியமே இல்லை.

கடைக்குக் கூப்பிட்டாள். முதலாளியம்மா எடுத்தாள். பின்னால் இஸ்திரி நீராவி சீறிக்கொண்டிருந்தது. முதலாளியம்மா நல்லவள். இவள் வாய்திறக்கும் முன்பே, நானே கூப்பிட நினைத்தேன் என்று ஆரம்பித்தாள். மத்தியானம் ஒரு ஆள் ஃபோன் செய்தானாம். முதன்முதலில் நீ வந்தபோது பேசினாயே, அதேபோலச் சொல் சொல்லாகத் தேடித் தேடிப் பேசினான், கேட்கவே ஆசையாக இருந்தது என்றாள். உங்கள் கடையில் எங்கள் நாட்டுப் பெண் ஒருத்தி தைக்கிறாளா என்று கேட்டானாம். சொந்தக்காரனாம், சொல்லாமல் வந்து ஆச்சரியப்படுத்தவேண்டுமாம். வீட்டு விலாசம் கேட்டானாம்.

"நான் கொடுக்கவில்லை" என்றாள் முதலாளியம்மா பெருமையாக. "விலாசமெல்லாம் கொடுக்கக் கூடாதல்லவா. கடைக்குப் பின்னால் ஆற்றோரத் தெரு என்று மட்டும்தான் சொன்னேன்."

மத்தியானம். அவள் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். மத்தியானமே எல்லாம் தெரிந்துகொண்டவன், சாயங்காலம் மாமாவுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருக்கிறான். மத்தியானத்துக்கும் இப்போதைக்கும் நடுவில் எத்தனை ரயில் வந்திருக்கும். அதில் ஒன்றிலிருந்துதான், மாமா ஏறிப்போன அதே மேடையில், யாராவது இறங்கினார்களா? அவள் மாமாவின் கையை மட்டுமே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

வேறு என்ன கேட்டான் என்றாள்.

முதலாளியம்மா சிரித்தாள். பாசமான மனிதன் என்றாள். குழந்தைக்குக் கையுறை வாங்கிவர வேண்டுமாம். விரல் நீளமா, குட்டையா என்று கேட்டானாம். அம்மாவைப்போலவே நீளம் என்று சொன்னேன், சரிதானே என்று கேட்டாள்.

அவள் லைனைத் துண்டித்தாள். நர்ஸைக் கூப்பிட்டாள். மணி அடித்தது, அடித்தது, எடுத்தாள். குட்டி எங்கே என்று கேட்டாள். காலையில் மாமா கேட்ட அதே கேள்வி.

"இங்கதான், படம் வரைஞ்சிட்டு இருக்கா. ஏன் ஒரு மாதிரி பேசற?"

"கதவைத் தாழ்ப்பாள் போடு. யார் தட்டினாலும் திறக்காத. போலீசைக் கூப்பிடு." அவள் இக்கரையைப் பார்த்து நடக்க ஆரம்பித்திருந்தாள். கட்டட வரிசை முழுக்க விளக்குகள். மேலே, நீலத் திரை, உள்ளே மஞ்சள் வெளிச்சம், அதில் சின்னதாக ஒரு தலை அசைந்தது. கம்பியில் சிவப்புச் சட்டை. "முதல்ல லைட்டை அணை."

நர்ஸ் அணைத்தாள். எல்லா ஜன்னலும் எரிந்துகொண்டிருந்த அந்த வரிசையில் ஒரே ஒரு ஜன்னல் மட்டும் சட்டென்று இருண்டது. பாலத்தின் நடுவிலிருந்தே அது அவ்வளவு துல்லியமாகத் தெரிந்தது. கீழே ஆற்றோரத் தெருவில் நின்று, எந்த வீடு என்று அண்ணாந்து தேடிக்கொண்டிருக்கிற யாருக்கும் தெரிந்திருக்கும்.

அவள் ஓட ஆரம்பித்தாள்.